கொல்லிமலையும் நெல்லிக்கனியும்

கொல்லிமலை என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்து பலாப்பழம், அன்னாசி, மலைவாழை, மிளகு. நெல்லிக்காயை யாரும் சொல்ல மாட்டார்கள். மார்கழி, தை மாதங்களில் சோளக்காடு சந்தைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கோலிக்குண்டு அளவில், மஞ்சள் கலந்த பச்சையில், ஆறு வரி ஓடிய காட்டு நெல்லியைக் குவித்து வைத்துப் படியால் அளந்து கொடுப்பார்கள். பலாவுக்கு இருக்கும் கூட்டம் அதற்கு இருக்காது.

ஆனால் சில வருடங்களாக ஒரு மாற்றம் பார்க்கிறேன். சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடங்களில் "அதியமான் ஔவைக்குக் கொடுத்த கருநெல்லி" என்று சொல்லி லேகியமும் பொடியும் விற்கிறார்கள். இதைத் தின்றால் சர்க்கரை போகும், நரை போகும், ஆயுள் கூடும் என்கிறார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அதை நம்பி வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல், டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். போய்ப் பார்த்தபோது, "ஔவையாரே சாப்பிட்டது என்று சொன்னார்கள் சார், அதனால்தான் நம்பினேன்" என்றார்.

31 வருடம் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் நான். அந்த ஒரு வரி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மையில் அந்த நெல்லிக்கனிக் கதை என்ன சொல்கிறது என்பதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் அது கொல்லிமலையைத் தாண்டி பாடலிபுத்திரத்துக்கும் சீன தேசத்துக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் பக்கத்து ஆதாரங்களைப் பார்ப்போம். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததற்கு நேரடிச் சாட்சி புறநானூற்றின் 91-ஆம் பாட்டு. பாடியவர் கனியை வாங்கித் தின்ற ஔவையாரேதான். ஒரு பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் இருந்த கனி என்கிறார். அதன் பயனைச் சொல்லாமல் மனசுக்குள் அடக்கிக்கொண்டு, நான் சாகாமல் இருக்க வேண்டும் என்று கொடுத்தாயே என்று உருகுகிறார். இரண்டாவது சாட்சி சிறுபாணாற்றுப்படை. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது, அதிகனை ஔவைக்கு நெல்லி ஈந்தவன் என்றே அடையாளம் சொல்கிறது. அதே வரிசையில் நம் கொல்லிமலை ஓரியும் இருக்கிறான்.

இந்த இரண்டு இடத்திலும் "கருநெல்லி" என்ற சொல் கிடையாது. புறநானூறு சொல்வது சிறிய இலை உடைய நெல்லி. அது நாம் எல்லோரும் பார்த்திருக்கிற பெருநெல்லி மரத்துக்கு அப்படியே பொருந்தும். புளியிலை போல அடுக்கடுக்காகச் சின்ன இலைகள்தானே அதற்கு! (பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டு நாம் தின்ற அரைநெல்லி வேறு மரம்.) கருநெல்லி என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கதையில் சேர்த்துக்கொண்டது.

சரி, அந்தக் கனி யாரையாவது சாகாமல் வைத்ததா? அதையும் புறநானூறே சொல்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டுகள் அதில் இருக்கின்றன. கனியைத் தின்றவர் இருந்து, கொடுத்தவனுக்காக அழுதார். நெல்லிக்கனிப் பாட்டைத் தெரிந்த அளவுக்கு இந்தப் பாட்டுகளை நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

அதியமானின் வீழ்ச்சிக்கும் கொல்லிமலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் காரி, கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைப் போரில் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகிறது. அதியமான் அதே கோவலூரைத் தாக்கி வென்றதைப் புறநானூறு கூறுகிறது. இந்த மூன்று வள்ளல்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டவர்கள். கடைசியில் பெருஞ்சேரல் இரும்பொறை வந்தான். அவனை அரிசில் கிழார் பாடியதுதான் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அதன் பதிகத்தில், கொல்லிக் கூற்றத்தில் நீர்கூர் என்ற இடத்தில் அதியமானையும் அவனோடு சேர்ந்த இரண்டு பெருவேந்தர்களையும் சேரன் ஒருசேர வென்றான், பிறகு தகடூரை அழித்தான் என்று குறிப்பு இருக்கிறது.

அதாவது, நெல்லிக்கனி கொடுத்த கை தோற்றது நம் கொல்லிக் கூற்றத்து மண்ணில். ஆடிப் பதினெட்டில் ஓரிக்கு விழா எடுக்கிறோம், செம்மேட்டில் குதிரை மேல் சிலை வைத்திருக்கிறோம். அது நியாயம்தான். ஆனால் அதியமானின் கதையும் இந்த மலையடிவாரத்தில் வந்து முடங்கியது என்பதை இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இனி கொஞ்சம் தூரம் போவோம். அதியமானுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பு, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆண்டவர் அசோகச் சக்கரவர்த்தி. பாறைகளில் அவர் வெட்டிவைத்த ஆணைகளில் இரண்டாவது பெரும்பாலும் மருத்துவம் பற்றியது. மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்திய ஏற்பாடு செய்ததையும், மூலிகையும் கிழங்கும் பழமும் எங்கெங்கே இல்லையோ அங்கெல்லாம் கொண்டுபோய் நட்டு வளர்க்கச் செய்ததையும் அதில் சொல்கிறார். தன் ஆட்சிக்கு வெளியே எந்தெந்த நாடுகளில் இதைச் செய்தார் என்றும் பட்டியல் இருக்கிறது: சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை.

இதில் சோழரும் பாண்டியரும் கேரளபுத்திரராகிய சேரரும் தெரிகிறது. சதியபுத்திரர் யார்? இதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாய்மொழி தவறாத கோசர்கள் என்றார்கள் சிலர். வேறு நாட்டுக்காரர் என்றார்கள் சிலர். நான் படித்த காலத்திலும், வேலைக்குச் சேர்ந்த புதிதிலும் "உறுதியாகத் தெரியவில்லை" என்பதுதான் பாடம்.

1981-இல் விடை கிடைத்தது. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில், குன்றின் மேல் இருக்கும் குகை ஒன்றில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டார்கள். ஒரே வரிதான். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது அதன் பொருள். துறவிகள் தங்குவதற்கு அந்தக் குகையை அவன் கொடுத்திருக்கிறான். அசோகர் சொன்ன சதியபுத்திரர் நம் அதியமான் குலத்தவர்தான் என்பது இந்த ஒரு வரியால் விளங்கியது. கல்வெட்டு இருக்கும் இடம் கோவலூர்ச் சீமை. அதியமான் கோவலூரை வென்றான் என்ற புறநானூற்றுச் செய்தியோடு இது பொருந்தி வருவதையும் கவனியுங்கள். பாட்டில் மட்டும் இருந்தவன் கல்லிலும் கிடைத்தான். கல்லிலும் அவன் கொடுப்பவனாகத்தான் இருக்கிறான்.

மருந்துச் செடியும் பழமும் நட்டதாக அசோகர் சொன்ன நாடுகளில் அதியமான் முன்னோர்களின் நாடும் ஒன்று. நெல்லி இங்கே இயல்பாக வளரும் மரம், வடக்கிலிருந்து வரவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பழம் என்பது மருந்து, மருந்து என்பது பிறருக்குக் கொடுக்க வேண்டியது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறது.

அசோகருக்கும் ஒரு நெல்லிக்கனிக் கதை உண்டு. பௌத்தர்களின் அசோகாவதானம் சொல்வது இது. கடைசிக் காலத்தில் சக்கரவர்த்தி சங்கத்துக்கு வாரி வாரிக் கொடுப்பதைப் பார்த்து அமைச்சர்கள் பயந்துபோய், பேரனான இளவரசனைக் கொண்டு கஜானாவை அடைத்துவிட்டார்கள். தனக்குச் சாப்பாடு வந்த தங்கத் தட்டைக் கொடுத்தார். பிறகு வெள்ளித் தட்டைக் கொடுத்தார். எல்லாம் நின்றுபோய், கையில் பாதி நெல்லிக்காய் மட்டும் மிஞ்சியபோது, அதையும் குக்குடாராமம் என்ற விகாரைக்கு அனுப்பிவைத்தார். பிக்குகள் அதை மசித்துக் கஞ்சியில் கலக்கி, எல்லோருக்கும் கிடைக்கும்படி பங்கிட்டுக் குடித்தார்களாம். இது நடந்ததா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் ஏழாம் நூற்றாண்டில் பாடலிபுத்திரத்துக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அந்த நெல்லிக்காயின் பெயரால் நின்ற ஒரு ஸ்தூபியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பே, கி.பி. 300-ஐ ஒட்டி, அசோகரின் கதை சீன மொழியில் பெயர்க்கப்பட்டுவிட்டது.

கதை மட்டும் சீனாவுக்குப் போகவில்லை. பழத்தின் பெயரும் மருந்துக்குறிப்பும் போயின. தாங் வம்ச அரசர் காலத்தில், 659-இல், அரசாங்கமே ஒரு மருந்து நூலைத் தொகுத்து வெளியிட்டது. அதில் நெல்லிக்காய் "அன்மோலே" என்ற பெயரில் இடம்பெற்றது. வடமொழியில் ஆமலகம் என்று சொல்வதைத்தான் அவர்கள் வாய்க்கு வந்தபடி அப்படி எழுதினார்கள். கடுக்காயும் தான்றிக்காயும் கூட அதே நூலில் உண்டு. கடுக்காய்க்கு "ஹெலிலே", தான்றிக்கு "பிலிலே". மூன்றும் "லே" என்று முடிவதால் "மூன்று லே" என்று சேர்த்துச் சொன்னார்கள். இந்த மூன்றையும் கொண்டு செய்த ஒரு மதுவகை அன்றைய சீனத் தலைநகரில் பெயர்பெற்றிருந்தது. அதன் பக்குவம் பாரசீகத்திலிருந்து வந்தது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நெல்லி, கடுக்காய், தான்றி மூன்றும் சேர்ந்தால் நமக்கு என்ன? திரிபலா! நம் வீட்டுப் பாட்டிகள் வயிற்றுக்கும் கண்ணுக்கும் சொன்ன அதே திரிபலாதான்.

சீனர்கள் இதற்குத் தங்கள் மொழியிலேயே ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். "யூ கான் ட்ஸு". மிஞ்சி நிற்கும் இனிப்பு உடைய காய் என்று பொருள். முதலில் துவர்க்கிறது, கசக்கிறது, பிறகு வாயில் இனிப்பு தங்குகிறது, அதனால் இந்தப் பெயர் என்று அவர்களுடைய பழைய நூல்கள் விளக்குகின்றன. பெரியவர்கள் சொல்லையும் நெல்லிக்காயையும் ஒன்றாக வைத்து நம்மிடம் ஒரு பழமொழி உண்டு, எல்லோருக்கும் தெரியும். முன்னால் கசக்கும், பின்னால் இனிக்கும். இரண்டு தேசத்து நாக்கும் ஒரே சாட்சி சொல்லியிருக்கிறது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

இன்றும் யுன்னான், ஃபூஜியன், குவாங்டாங் போன்ற தென்சீன மாகாணங்களில் நெல்லி உண்டு. உப்பில் ஊறப்போட்டுத் தின்கிறார்கள், சாறு எடுத்துக் குடிக்கிறார்கள். இருமலுக்கு, தொண்டை வறட்சிக்கு, சீரணத்துக்கு, உடம்புச் சூட்டுக்கு என்று அவர்களுடைய வைத்தியத்தில் கொடுக்கிறார்கள். சீன அரசின் அதிகாரபூர்வ மருந்து நூலில், திபெத்தியர் வழக்கில் உள்ள மருந்து என்ற குறிப்போடு இது இருக்கிறது. நம் சித்த வைத்தியர்கள் நெல்லியைக் குளிர்ச்சி என்றும் பித்தம் தணிக்கும் என்றும் சொல்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபூஜியன் மாகாணம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அங்கே சுவான்சோ என்ற துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயிலின் பெயர் திருக்கானீச்சரம், கான் அரசருடைய நலத்துக்காக எழுப்பியது. அந்தப் பக்கத்து மலைச்சரிவுகள் நெல்லிக்குப் பேர்போனவை. ஊரை விட்டுக் கடல் தாண்டிப் போன நம்மவர் கண்ணில் அங்கே நெல்லி மரம் பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இது என் கற்பனைதான், கல்வெட்டில் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். நெல்லியில் வைட்டமின் சி ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் காரணமாக, காய வைத்தாலும் மற்றக் காய்கனிகளைப் போல அது சீக்கிரம் அழிந்துவிடுவதில்லை. 1939, 40-இல் ஹிஸார் பகுதியில் கடும் பஞ்சம் வந்து, ஜனங்களுக்குப் பல் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்டபோது, நெல்லிக்காய்த் தூளைக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். ஆகவே நெல்லி மருந்து என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த நோய்க்கு, எந்த அளவில் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்கர்வி தீர்ந்தது என்பதால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம் என்று ஆகிவிடாது. நெல்லிச்சாறு குடிப்பவர்கள் மாத்திரையையும் போடுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். நம் வயதில் இது விளையாட்டு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது கடைகளில் எலுமிச்சை அளவுக்குப் பெரிய நெல்லிக்காய் கிடைக்கிறதே, அது ஒட்டுக்கட்டிய தோட்ட நெல்லி. என்.ஏ.7, காஞ்சன், கிருஷ்ணா, நம் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர்.1 என்று பல ரகம். ஊறுகாய் போடவும் தேனில் ஊறவைக்கவும் வசதி. அதைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் அது வந்த பிறகு கொல்லிமலைக் காட்டு நெல்லியைக் கேட்பார் குறைந்துவிட்டார்கள். காட்டு நெல்லி சின்னது, நார் அதிகம், துவர்ப்பு அதிகம். சந்தையில் காய் பெரிசா என்றுதான் பார்க்கிறார்கள்.

மலையில் வாழும் மலையாளி மக்கள் ஏறி இறங்கிப் பறித்துக்கொண்டு வந்தால், கிடைக்கிற காசு பஸ் சத்தத்துக்கும் டீக்கும் சரியாகப் போகிறது. காட்டில் விளையும் இத்தகைய சிறு பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. உரிமை வந்தும் விலை வரவில்லை. அதே காயைப் பொடியாக்கி, அதியமான் பேரைப் போட்டு டப்பாவில் அடைத்தால் நூற்றுக்கணக்கில் போகிறது. அந்தப் பணத்தில் மரம் ஏறினவனுக்குப் பங்கு கிடையாது.

விலை குறைவு என்பதால் நிதானமாகப் பறிக்கவும் பொறுமை இல்லாமல் போகிறது. சில இடங்களில் கிளையையே வெட்டிச் சாய்த்துக் காயை உதிர்க்கிறார்கள். வெட்டின கிளை மறுபடி காய்க்க வருடக்கணக்கில் ஆகும். மானும் கேளையாடும் நெல்லியைத் தின்று, கொட்டையை வேறிடத்தில் துப்பும். காட்டில் நெல்லி பரவுவது அப்படித்தான். மரத்தில் ஒன்றும் மிச்சம் வைக்காவிட்டால் நாளைக்குக் கன்று எங்கிருந்து வரும்? கேழ்வரகும் சாமையும் விளைந்த மலை மரவள்ளிக்கு மாறியதை நம் கண்ணால் பார்த்தோம். காட்டு நெல்லிக்கும் அந்த நிலை வரக்கூடாது.

நெல்லியைப் பற்றி நம் ஜனங்கள் பாதுகாத்து வைத்த கதைகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். அதியமான் ஔவைக்குக் கொடுத்தான். அசோகர் பாதியைச் சங்கத்துக்குக் கொடுத்தார். துவாதசி அன்று பிச்சை கேட்டு வந்த பாலகன் ஆதிசங்கரருக்கு, வீட்டில் வேறொன்றும் இல்லாத ஏழைப் பெண் ஒரு நெல்லிக்கனியைக் கொடுத்தாள் என்கிறது கனகதாரைக் கதை. மூன்றிலும் கனி சின்னதுதான். மூன்றிலும் அது கொடுத்தவருக்குக் கடைசியாக, அல்லது ஒன்றே ஒன்றாக இருந்தது. தானே தின்று நூறு வருஷம் வாழ்ந்தவன் என்று ஒருவனைப் பற்றிக்கூட இந்தக் கதைகளில் இல்லை. கொடுத்தவர்கள் பெயர்தான் நிற்கிறது.

வரும் சீசனில் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் டப்பாவை விட்டுவிட்டு, சந்தையில் தரையில் குவித்திருக்கும் காட்டு நெல்லியை இரண்டு படி வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்து உப்புப் போட்டு ஊறவையுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள். உடனே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, அதியமான் கதையை முழுசாகச் சொல்லுங்கள். கனி கொடுத்த பாட்டோடு நிறுத்தாமல், ஔவையார் அழுத பாட்டு வரைக்கும் சொல்லுங்கள்.